கூப்பே வாங்க வந்தவள் நான்தான்

தார்ப்பாயை விலக்கிய ஜெயபாலன் அங்கிள், முதல் வார்த்தையையே என் அத்தை மகனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தம்பி, இந்த ஷேப்பைப் பாருங்க. முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் ஒரே இழுப்பு. இப்ப வர்ற காடில இதெல்லாம் எங்க இருக்கு."

அவர் தலைமுறைக்குக் கார் என்றால் காடிதான். என் அத்தை மகன் பிரகாஷ் பணிவாகப் பார்த்தான். அவனுக்குக் கார் ஓட்டும் உரிமம்கூட இல்லை. வங்கி ஒன்றில் கணினி வேலை. பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்துவதோடு அவனுக்கும் கார்களுக்கும் உள்ள உறவு முடிந்துவிடும்.

"நல்லா இருக்கு அங்கிள். ஆனா வாங்குறது நான் இல்ல, இவங்க," என்று என்னைக் காட்டினான்.

அங்கிள் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளை கையில் பலூனைப் பார்த்தால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பிறகு மறுபடியும் அவன் பக்கம் திரும்பி, "இன்ஜின் ஒரிஜினல் தம்பி. மாத்தவே இல்ல," என்றார்.

அது சிங்கப்பூரின் கிழக்கே, பிடோக்கில் ஒரு தரைவீடு. அங்கிளும் அவர் மனைவியும் அந்த வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடி வீட்டுக்கு மாறவிருந்தார்கள். வாசல் கூரைக்கு அடியில், பூந்தொட்டிகளுக்கும் கழற்றி வைத்த ஒரு கட்டிலுக்கும் நடுவில் அந்தக் கார் நின்றது. அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் செய்த சின்ன ஸ்போர்ட்ஸ் கூப்பே. இரண்டே கதவு. கூரை என் இடுப்புக்குச் சற்று மேலே. நான்கு சக்கரங்களிலும் காற்று இல்லை. தலையை உள்ளே நீட்டினால் ஈரத் துணி, பழைய ரப்பர், எப்போதோ குட்டி போட்ட பூனை எல்லாம் கலந்த ஒரு வாடை.

பார்த்ததுமே அது எனக்கு வேண்டும் என்று தெரிந்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"நீங்க ரெண்டு பேரும்..." என்று அங்கிள் இழுத்தார்.

"நான் அத்தை பையன் அங்கிள்," என்று பிரகாஷ் அவசரமாகச் சொன்னான்.

"அதான் கேட்டேன்," என்றார் அங்கிள், திருப்தியாக.

நம் வழக்கத்தில் அத்தை மகன் என்றால் பாதி மாப்பிள்ளை. மறுக்க நினைத்தவன் உறுதிப்படுத்திவிட்டான். பிரகாஷ் என்னைப் பார்த்தான். நான் காரைப் பார்த்தேன்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு

இத்தொடரை முதலிலிருந்து படித்துவருபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

என் அப்பா மலேசியாவில், ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. அப்பா இன்னும் தேக்கா சந்தைக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போன முதல் ஆளும், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான்.

இப்போது ஒரு பேருந்துப் பணிமனையில் பொறியாளராக இருக்கிறேன். பேருந்துக்கு அடியில் நின்று, தலைக்கு மேலே தொங்கும் குழாய்களையும் தண்டுகளையும் தட்டிப் பார்த்து, இது சாலைக்குப் போகலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுவது என் வேலை.

இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட்டால் என்ன?

ஊரே ஏறி இறங்கும் இரட்டை மாடிப் பேருந்தை என் கையெழுத்தை நம்பி வெளியே அனுப்புகிறார்கள். இரண்டு பேர் உட்காரும் கூப்பேயைப் பார்க்க எனக்கு ஆள் துணை வேண்டுமாம்.

துணைக்கு பிரகாஷை அனுப்பியது அம்மா. "பொம்பளப் பிள்ளை தனியாப் போனா ஏமாத்திடுவாங்க. அவன் சும்மா பக்கத்துல நின்னாப் போதும்," என்றார். அவனும் பாவம், சும்மாதான் நின்றான். அதிலேயே இவ்வளவும் வந்தது.

மாம்பழக் காந்தம்

இணையத்தில் வந்த விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தது. சீரமைக்க ஏற்ற கார், மேலோட்டமான துரு மட்டுமே, உண்மையான ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் அழைக்கவும்.

பழைய கார் விளம்பரங்களின் மொழியைப் பற்றித் தனியாக ஓர் அத்தியாயமே எழுதலாம். மேலோட்டமான துரு என்றால் விரல் உள்ளே போகும். 'கடைசியாக ஓட்டியபோது நன்றாக ஓடியது' என்று எழுதுவார்கள். எந்தக் கார்தான் கடைசியாக ஓடியபோது ஓடாமல் இருந்தது?

ஆனால் அதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். விற்பவர் அப்படித்தான் எழுதுவார். 'உண்மையான ஆர்வம்' என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. விடுமுறை எடுத்து, கைவிளக்கும் கையுறையும் பழைய சட்டையும் பையில் போட்டு, புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஊரின் மறுமுனைக்கு ரயிலில் வந்தவள் நான். ஆர்வம் யாரிடம் இருந்தது என்று அந்த வாசலில் நின்ற பூந்தொட்டிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தையும் கழற்றி எடுத்து வந்திருந்தேன். மாம்பழ வடிவத்தில் இருக்கும். பழைய காரைப் பார்க்கப் போகிறவருக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையைப் புட்டிப் பசையால் அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தால் ஒட்டாது.

"என்னம்மா அது, மாம்பழமா?" என்றார் அங்கிள். அன்று என்னிடம் அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கதவுக்கு அடியில் வைத்தேன். மாம்பழம் விழுந்தது. பின் சக்கரத்தின் வளைவில் வைத்தேன். அங்கேயும் விழுந்து கட்டில் பலகைகளுக்கு அடியில் உருண்டது.

"அது வந்து தம்பி, அந்தக் காலத்துல ஒரு சின்ன இடி," என்று அங்கிள் பிரகாஷுக்கு விளக்கம் சொன்னார்.

குனிந்து காந்தத்தைத் தேடிக்கொண்டிருந்தவள் நான். விளக்கம் அவனுக்கு.

"அங்கிள், என்கிட்ட சொல்றது வேஸ்ட் லா. இதுல எது முன்பக்கம்னே எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது," என்றான் பிரகாஷ்.

அதற்கும் அங்கிள் அவன் தோளைத் தட்டிச் சிரித்தார். தன்னடக்கமான பையன் என்று நினைத்திருப்பார்.

நான் ஓட்டுநர் இருக்கையின் கீழே இருந்த விரிப்பைத் தூக்கினேன். கிழிந்து கையோடு வந்தது. தரைத்தகட்டில் உள்ளங்கை அளவு ஓட்டை. அதன் வழியே வாசலின் சிமென்ட் தெரிந்தது. ஓட்டையைச் சுற்றி, சிவப்புப் பெயின்ட் உரிந்த இடத்தில், கரும்பச்சை.

"இது முதல்ல பச்சைக் காரா அங்கிள்?"

அங்கிள் கொஞ்சம் திடுக்கிட்டார். "ஆமா. கல்யாணம் ஆனப்ப ரெட் அடிச்சேன். அவங்களுக்குப் பிடிக்கும்னு."

"எனக்குப் பிடிக்கவே இல்ல," என்று வீட்டுக்குள்ளிருந்து ஆண்ட்டியின் குரல் வந்தது. "அன்னைக்கும் சொன்னேன்."

நடையும் காரும்

எனக்கு ஏன் இப்படி ஒரு பைத்தியம் என்று பணிமனையில் கேட்பார்கள். அதற்கு ஒரு மாலை நேரம் காரணம்.

பதின்மூன்று பதினான்கு வயது இருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். சிராங்கூன் சாலையில் அலங்கார விளக்குகள் போட்டிருந்தார்கள். அம்மா வாங்கச் சொன்ன வாழையிலைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு தேக்காவிலிருந்து நடந்து வந்தேன். இலையின் தண்ணீர் முதுகில் ஒழுகிக்கொண்டிருந்தது. சாலை முழுக்க வண்டி. எதுவும் நகரவில்லை. நடப்பவர்கள்தான் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த நெரிசலில் ஒரு பேருந்தின் பின்னால், இதே மாதிரி ஒரு சின்ன கூப்பே மாட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை நிறம். ஜன்னல் கண்ணாடி இறக்கியிருந்தது. ஓட்டியவர் யார், ஆணா பெண்ணா, எதுவும் ஞாபகம் இல்லை. மரத்தில் செய்த ஸ்டீயரிங்கும், வரிசையாகக் கடிகாரம் போன்ற மானிகளும், தரையோடு உட்கார்ந்த மாதிரி ஓர் இருக்கையும் மட்டும் ஞாபகம் இருக்கிறது. இன்ஜின் சத்தம் காதில் கேட்டதைவிட என் செருப்பில் அதிகம் கேட்டது.

கார் ஒரு சாண் நகர்ந்தால் நானும் ஒரு சாண் நகர்ந்தேன். பெருமாள் கோயில் வரைக்கும் அதற்குப் பக்கத்திலேயே நடந்தேன். பிறகு பச்சை விழுந்தது. போய்விட்டது. வாழையிலை பாதி கிழிந்திருந்ததற்கு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே நான் கார் வாங்க முடிவு செய்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அதற்காகத்தான் தொழிற்கல்லூரியில் இயந்திரவியல் எடுத்தேன்.

இன்னைக்கு சனிக்கிழமைம்மா

பிடோக்குக்கே திரும்புகிறேன்.

"நான் எடுத்துக்கறேன் அங்கிள்," என்றேன். "இப்பவே பேர் மாத்திடலாம்."

விலையில் எங்களுக்குள் தகராறு இல்லை. துருவைப் பார்த்த பிறகும் நான் பேரம் பேசவில்லை. அங்கிளுக்கு அதுவே ஆச்சரியம். முதல் முறையாக பிரகாஷைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு சனிக்கிழமைம்மா. இரும்பு கைமாறக் கூடாது. நாளைக்கு வா, முடிச்சிடலாம்."

சனிக்கிழமை இரும்பு வாங்கினால் சனீஸ்வரனையும் சேர்த்து வீட்டுக்குக் கூட்டி வருகிறோம் என்பது நம்மவர்களில் பலருடைய நம்பிக்கை. என் அம்மா சனிக்கிழமையில் ஒரு ஊக்குக்கூட வாங்க மாட்டார். காய் நறுக்கும் கத்தி உடைந்தால் ஞாயிறு வரைக்கும் எங்கள் வீட்டில் வெங்காயம் கையால் பிய்க்கப்படும். நான் பணிமனையில் சனிக்கிழமை வேலைக்குப் போனால் டன் கணக்கில் இரும்பைத் தொட்டுவிட்டு வருவேன். அது கணக்கில் வராது. தொடலாம், வாங்கத்தான் கூடாது.

பெரியவர் ஒருவர் சனிக்கிழமை என்று சொன்னால் நாம் எதிர்த்துப் பேச மாட்டோம். நானும் பேசவில்லை. ஒரு நாள்தானே.

புறப்படும்போது வாசலில் வழக்கமான விசாரணை நடந்தது. எங்க இருக்கீங்க, சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்றாரு. சொன்னேன்.

"அட, தேக்காவுக்குக் காய் ஓட்டுறவரா? நம்ம கோயில் அன்னதானத்துக்கு மூட்டை இறக்கிக் குடுப்பாரே, அவரு மகளா நீ?"

அங்கிள் கோயில் கமிட்டியில் இருப்பவர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தெரிந்தவர், இனி ஒழுங்காகப் பேசுவார் என்று நினைத்தேன். தெரிந்தவர் என்பதுதான் ஆபத்து என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் நான் மட்டும் போனேன். சக்கரத்துக்கு அடியில் வைக்க அம்மா எலுமிச்சம்பழமும், ஒரு பொட்டலத்தில் குங்குமமும் கொடுத்திருந்தார். அங்கே போனால் தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது. ஆண்ட்டி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

"அப்பாகிட்ட பேசிட்டேன்மா," என்றார் அங்கிள்.

"எதைப் பத்தி அங்கிள்?"

"காடியைப் பத்தித்தான். நாளைக்கே நீ ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிடுவே. இது பாதியில நிக்கும். எனக்கு மனசு தாங்காதும்மா. அப்பாவும் சரின்னுட்டாரு."

பாதியில் நிற்குமாம். கட்டிலுக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின்கள் அடுக்கியிருந்தன. அதற்குள் அவர் கழற்றிய நட்டுகள், கார்புரேட்டரின் பாகங்கள், கதவுப் பிடி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பூட்டாமல், கிட்டத்தட்ட நான் பிறந்ததிலிருந்து அந்தக் காரைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தவர் அவர்.

"நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டுத்தானே அங்கிள் பாதியில விட்டீங்க?"

உள்ளே ஆண்ட்டி சிரிப்பது கேட்டது.

"அது வேறம்மா," என்றார் அங்கிள்.

காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நீங்க பாத்து செய்ங்க

திரும்பும் வழி முழுக்க எலுமிச்சம்பழம் பைக்குள் உருண்டுகொண்டே வந்தது. லிட்டில் இந்தியாவில் இறங்கி அம்மாவுக்குக் கறிவேப்பிலை வாங்க வேண்டும். இறங்கவில்லை.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து மேசை விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள்கிட்ட என்னப்பா சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"போன் வந்ததும் எந்திரிச்சு நின்னாரு," என்றார் அம்மா சமையலறையிலிருந்து. "பேசி முடிக்கிற வரைக்கும் உக்காரவே இல்ல."

அப்பா விசிறியின் இறக்கையை இன்னும் அழுத்தித் துடைத்தார். "கமிட்டிக்காரரும்மா. காலங்காத்தால கூப்பிட்டு, 'உங்க பொண்ணுக்கு இதெல்லாம் தேவையா'ங்கிறாரு. நான் என்னன்னு சொல்றது?"

"தேவைதான்னு சொல்றது."

"பெரிய மனுஷன்கிட்ட அப்படிப் பேச வராதும்மா."

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

"வேண்டாம்னும் சொல்லல. நீங்க பாத்து செய்ங்கய்யான்னேன்."

இந்த வாக்கியத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டுவருகிறேன். லாரி முதலாளியிடம் விடுப்புக் கேட்கும்போது, நீங்க பாத்து செய்ங்க. மருத்துவமனையில் அம்மாவுக்கு எந்தச் சிகிச்சை என்று கேட்டபோது, நீங்க பாத்து செய்ங்க. தொடக்கப்பள்ளி முடித்து எந்தப் பள்ளி, எந்தப் பிரிவு என்று ஆசிரியர் கேட்டபோதும் அதேதான். ஆசிரியரும் பார்த்துச் செய்தார். எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணுக்கு என்னால் இன்னும் மேலே போயிருக்க முடியும். எதற்கு சிரமம், இந்தப் பிள்ளை இங்கேயே வசதியாக இருக்கும் என்று கீழே ஒரு பிரிவில் உட்கார வைத்தார். அங்கிருந்து ஏறி வர எனக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று இத்தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

பணிவு நல்ல குணம் என்கிறார்கள். இருக்கலாம். நம்முடையதை விட்டுக்கொடுத்துப் பணிந்தால் சரி. அப்பா என்னுடையதை எடுத்து அங்கிள் கையில் கொடுத்துவிட்டார்.

அன்று நான் சாப்பிடவில்லை. பசியோடு கோபமாக இருப்பதும் கஷ்டம்தான். மறுநாள் காலையில் இரண்டு பங்கு சாப்பிட்டேன்.

அப்பாவின் கைப்பேசி

சில வாரங்கள் போயின. விளம்பரம் இறங்கியது, மறுபடியும் ஏறியது. வந்த ஒருவருக்கு ஸ்டீயரிங் மட்டும் போதுமாம், சுவரில் மாட்ட. இன்னொருவர் ஓட்டையைப் பார்த்துவிட்டு, மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் போனவர்தான். அவர் மனைவியைக் கேட்கப் போனதைப் பற்றி மட்டும் யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை.

வீட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கியது. அங்கிள் மறுபடியும் கூப்பிட்டார். என்னை அல்ல, அப்பாவை. பொண்ணைக் கூட்டிக்கிட்டு நீங்களும் வாங்க, ஒரு வழி பண்ணலாம் என்றாராம்.

போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். கார் வேண்டும் என்பதால் போனேன்.

அப்பா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அங்கிள் நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குந்தி உட்கார்ந்து டயரை அழுத்திப் பார்த்தார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. எனக்குத் தெரிந்தது, அங்கிளுக்கும் தெரிந்தது.

"நான் ஒண்ணு சொல்றேன்," என்றார் அங்கிள். "உங்க பேர்ல மாத்திடுவோம். பொண்ணு ரிப்பேர் பண்ணட்டும், ஓட்டட்டும், எனக்கு அதுல ஒண்ணுமில்ல. பேரு உங்க பேரா இருந்தா ஒரு பொறுப்பு. என்ன சொல்றீங்க?"

அப்பா வாழ்நாள் முழுக்க அடுத்தவர் லாரியை ஓட்டியவர். சக்கரம் வைத்த எதுவும் அவர் பெயரில் இருந்ததில்லை. ஒரு சைக்கிள்கூட. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சரிங்கய்யா," என்றார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. அங்கிள் மேல் வந்ததைவிட அதிகமாக வந்தது.

கார் கைமாறுவது இப்போது இரண்டு கைப்பேசிகளில் முடிகிற வேலை. விற்பவர் தன் கைப்பேசியில் வாங்குபவரின் அடையாள அட்டை எண்ணைப் போடுவார். வாங்குபவரின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும். அவர் தன் கணக்குக்குள் நுழைந்து, சம்மதம் என்று அழுத்தினால் கார் அவருடையது. அப்பா தன் அட்டையை எடுத்து நீட்டினார். அங்கிள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

அப்பாவின் சட்டைப் பையில் கைப்பேசி மணியடித்தது.

அப்பா அதை வெளியே எடுத்தார். திரையைப் பார்த்தார். எல்லாம் ஆங்கிலம். பிறகு, எப்போதும் செய்வதைப் போல, கட்டை விரலை வைத்துத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"நீ பாரும்மா."

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த வயதிலிருந்து வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதத்தையும் படிப்பது நான்தான். இப்போது கைப்பேசி. அப்பா பெயரில் வரும் எதையும் அப்பா அழுத்தியதில்லை. அவர் விரல் திறக்கும், என் விரல் அழுத்தும். அப்படியே பழகிவிட்டோம். அதில் ஒரு விநோதமும் எங்கள் இருவருக்கும் தோன்றியதில்லை.

வெயில் பட்டுத் திரை மங்கலாகத் தெரிந்தது. கையால் மறைத்துப் பார்த்தேன். காரின் எண். விற்பவர் என்ற இடத்தில் அங்கிளின் பெயர். வாங்குபவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். கீழே இரண்டு பொத்தான்கள்.

பணம் என் சேமிப்பு. மல்லாந்து படுத்துத் துருவைத் தட்டப் போவதும் நான். கார் வாங்கும் பொறுப்பு எனக்குக் கிடையாதாம். ஆனால் அது எனக்குக் கிடையாது என்று முடித்து வைக்கும் பொத்தானை மட்டும் நான்தான் அழுத்த வேண்டுமாம்.

மறுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.

அங்கிளின் கைப்பேசி சத்தம் போட்டது. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு பார்த்தார். "ரிஜெக்டட்னு வருதே. என்னாச்சு?"

"அப்பா வேண்டாம்னு சொல்லிட்டாரு அங்கிள்."

"நான் எப்பம்மா சொன்னேன்?" என்றார் அப்பா.

"அங்கிள் உங்ககிட்ட போன்ல பேசினப்ப, நான் எப்பப்பா வேண்டாம்னு சொன்னேன்?"

பக்கத்து வீட்டில் யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கைப்பேசியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார். இரண்டு முறை தவறவிட்டுத்தான் போட்டார்.

"என் நம்பரைப் போடுங்க அங்கிள்," என்றேன். "இல்லன்னா தார்ப்பாயைப் போட்டு மூடிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

ஏற்கெனவே கோபித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அங்கிள் அப்பாவைப் பார்த்தார். "என்னங்க இது?"

அப்பா தரையைப் பார்த்தார். அன்றும் அவர் எனக்காக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும்.

பேசியது ஆண்ட்டிதான். கைத்துண்டோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"யார் பேர்ல போனா என்னங்க, போனாச் சரி. மாசக் கடைசில சாவியைக் குடுக்கணும். இந்த இரும்பை நான் புது வீட்டு ஹால்லயா வைப்பேன்?"

அங்கிள் பெருமூச்சு விட்டார். கண்ணாடியை மறுபடியும் மூக்கில் இறக்கினார்.

"நம்பர் சொல்லும்மா."

சொன்னேன். ஓர் எண்ணைத் தப்பாகத் தட்டினார். மறுபடியும் சொன்னேன். என் கைப்பேசி மணியடித்தது. வாங்குபவர் என்ற இடத்தில் என் முழுப்பெயர் இருந்தது. சரியாக எழுத்துக்கூட்டியிருக்கிறதா என்று ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் சம்மதத்தை அழுத்தினேன்.

உன் வாதம் வென்றது என்று பாராட்டி யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். வென்றது வீட்டை ஒப்படைக்கும் தேதி.

இழுவை லாரி

காக்கி புக்கிட்டில் தோழி ஒருத்தியின் பட்டறையில் ஒரு மூலை கிடைத்திருந்தது. காரை அங்கே கொண்டுபோக இழுவை லாரி வந்தது. நானும் அப்பாவும் வாசலில் நின்றோம். பிஸ்கட் டின்களை ஆண்ட்டி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, நல்லதாயிற்று என்ற முகத்தோடு என் கையில் கொடுத்தார். அங்கிள் வெளியே வரவில்லை. மாடி ஜன்னல் திரை மட்டும் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது.

அப்பாவும் நானும் அந்த வாரம் முழுக்கத் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. லாரி வரும் நேரத்தைச் சொன்னேன். வந்துவிட்டார். அவ்வளவுதான்.

லாரிக்காரர் நடுத்தர வயது மலாய்க்காரர். சங்கிலியை மாட்டி, கார் மெதுவாகத் தட்டில் ஏறும்போது, அடியிலிருந்து துரு சிவப்பு மாவாகக் கொட்டியது. அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, நேராக அப்பாவிடம் போனார். என்னைத் தாண்டித்தான் போனார். காடி உங்களுடையதா என்று மலாயில் கேட்டார்.

"புக்கான்," என்றார் அப்பா. "அனாக் சாயா புன்யா."

இல்லை, என் மகளுடையது.

யோசிக்கவே இல்லை. தரையைப் பார்க்கவும் இல்லை. கோயில் கமிட்டிக்காரர் தமிழில் இரண்டு முறை கேட்டும் வராத பதில், முன்பின் தெரியாத ஒருவரிடம் மலாயில் உடனே வந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது. அதே நேரத்தில், இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன என்று ஆத்திரமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

லாரிக்காரர் திரும்பி என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். உனக்கு ஓட்டத் தெரியுமா என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். நெஞ்சில் விரலை வைத்துக்காட்டி, நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன் என்றார்.

எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. முதல் சம்பளத்தில் அதற்குப் பணம் கட்டியது நான். பதிவு செய்துவிட்டு வந்த அன்று, ரயில் இருக்கும்போது பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்டவர், இதோ நெஞ்சில் விரல் வைத்து நிற்கும் இந்த மனிதர்.

அங்கேயே, அந்த லாரிக்காரர் முன்னாலேயே, மலாயிலேயே திருத்தினேன். இவர் கற்றுக்கொடுக்கவில்லை, நானே போய்க் கற்றுக்கொண்டேன் என்றேன்.

லாரிக்காரர் சிரித்தார். அப்பாவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது.

சுருங்கட்டும்.